பெஸ்ஸா ஆர்3ஏ: இரவுக் கூத்து எடுக்க 35-ஆ, 40-ஆ?

காட்பாடி_ஃபிலிம்:
வணக்கம். என்னிடம் இருப்பது வோக்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர்3ஏ, லென்ஸ் வழியாக இல்லாமல் தனி வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுக்கும் ஃபிலிம் கேமரா. இரவில் எடுக்க ஒரே ஒரு லென்ஸ் வாங்கப் போகிறேன்: நோக்டன் கிளாசிக் 35 மி.மீ. எஃப்1.4, இல்லையென்றால் அதே வரிசையில் 40 எஃப்1.4. பங்குனி, சித்திரையில் ஆரணி, செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்குமே, அதை எடுக்க வேண்டும். டிரை-எக்ஸ் 400 கறுப்பு வெள்ளை ஃபிலிமை ஐ.எஸ்.ஓ. 1600-க்கு வைத்து எடுத்து, அதற்கேற்பக் கழுவுவேன். மற்ற நாளில் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள். எதை வாங்கலாம்?

ஆற்காட்டு_அண்ணன்:
தம்பி, ஆர்3ஏ என்றால் 40தான். அதன் வியூஃபைண்டரில் 40, 50, 75, 90 மி.மீ. லென்ஸ்களுக்கான ஃபிரேம் கோடுகள் மட்டுமே உண்டு. 35 மாட்டினால் மேலே தனி ஃபைண்டர் செருக வேண்டும். ஃபோகஸ் ஒரு துளையில், ஃபிரேம் இன்னொரு துளையில். கண்ணை மாற்றுவதற்குள் துரியோதனன் ஒரு சுற்று சுற்றி முடித்திருப்பார்.

அப்புறம், ஆர்3ஏ ஃபைண்டர் 1:1, வெறும் கண்ணுக்குத் தெரியும் அதே அளவில் காட்டும். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்து எடுக்கலாம். வலது கண்ணில் கோடு, இடது கண்ணில் சபை முழுசும். கட்டியங்காரன் நுழைவது, கோட்டுக்குள் அவர் வருமுன்பே தெரிந்துவிடும். கூத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேமராவை நான் பார்த்ததில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்தால் வேஷக்காரர் பத்தடியில், அதாவது 3 மீட்டரில் இருப்பார். எஃப்1.4-ல் அந்தத் தூரத்துக்குக் கணக்குப்படி 35 தரும் தெளிவு ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) 62 செ.மீ., 40 தருவது 47. அகலத்தில் 35 சுமார் 3.1 மீட்டர் பிடிக்கும், 40 பிடிப்பது 2.7. ஆர்மோனியமும் பின்பாட்டும் சேர்த்து வேண்டுமானால் ஒன்றரை அடி பின்னால் நகருங்கள், சரியாகிவிடும். ஆழம் குறைவதுதான் கவனிக்க வேண்டியது. அதற்கு, ஆடுபவரை ஃபோகஸ் ரிங்கால் துரத்தாதீர்கள். 3 மீட்டரில் நிறுத்திவிட்டு அவர் அந்த இடத்துக்குத் திரும்பி வரும்போது தட்டுங்கள். அடவைக் கொஞ்ச நேரம் கேமரா இல்லாமல் பார்த்தால் எங்கே திரும்புவார் என்று பிடிபட்டுவிடும்.

லென்ஸ் கண்ணாடியின் மேல் வெளிச்சம் சிதறாமலிருக்கப் பூசும் பூச்சில் சிங்கிள் கோட்டிங் வேண்டாம், மல்டி கோட்டிங் கேளுங்கள். கிரீடத்தில் இருக்கும் கண்ணாடித் துண்டெல்லாம் எல்.இ.டி. விளக்கை நேராக லென்ஸுக்குள் அடிக்கும்.

குடியாத்தம்_35:
கண்ணாடி போடுபவரா நீங்கள்? போட்டால் ஆர்3ஏ-வில் 40 கோட்டின் ஓரம் கண்ணுக்கு எட்டாது. அப்படியானால் அதே பெஸ்ஸா வரிசையில் ஆர்2ஏ கேமராவுக்கு மாறி 35 வாங்குங்கள், அதில் 35-க்குக் கோடு உண்டு. ஆனால் ஃபைண்டர் 0.7 என்பதால் ஃபோகஸ் துல்லியத்தைத் தீர்மானிக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் பயன் நீளம் 37 மி.மீ.-இலிருந்து 26-ஆகக் குறையும், எஃப்1.4-க்கு அது நஷ்டம்தான். தூண் எடுப்பதாகச் சொன்னதால் இன்னொன்று: நோக்டன் 35-இன் முதல் பதிப்பில் ஓரத்துத் தூண் வெளிப்பக்கம் வளையும். நான் வைத்திருப்பது அதுதான். மனிதர்களை எடுக்கும்போது தெரியாது, கல் மண்டபத்தில் நன்றாகத் தெரியும்.

காட்பாடி_ஃபிலிம்:
கண்ணாடி இல்லை அண்ணா. 40 மல்டி கோட்டிங் என்று முடிவு செய்துவிட்டேன். காலையில் துரியோதனன் படுகளம் வரை அதே ரோலிலேயே எடுக்கலாமா?

ஆற்காட்டு_அண்ணன்:
வேண்டாம். வெயில் ஏறிவிட்டால் 1600-க்கு எஃப்16-ம் 1/2000-ம் வைத்தாக வேண்டும். கேமராவும் லென்ஸும் அதற்கு மேல் போகாது, பின்னணியை மங்கலாக்கவும் வழியில்லை. பொழுது விடிவதற்குள் ரோலை முடித்து 100 ஃபிலிம் போட்டுவிடுங்கள். பேட்டரி எல்.ஆர்.44 இரண்டு கூடுதலாகப் பையில் இருக்கட்டும். அது தீர்ந்தால் ஆர்3ஏ ஷட்டர் அடிக்காது.