இன்வெர்ட்டர் பெட்டியில ஷாக்

சின்ன அத்தை: யாராச்சும் இருக்கீங்களா? இன்வெர்ட்டர் பெட்டியைத் துடைச்சேன். கை சுள்ளுனு இழுத்துடுச்சு

அக்கா: ஐயோ அத்தை! இப்ப எப்படி இருக்கு

சின்ன அத்தை: ஒண்ணுமில்லடி. செருப்பு போட்டிருந்தேன்

சித்தப்பா: லேசா அப்படித்தான் இருக்கும். பயப்படாத

பெரியப்பா: அப்படியெல்லாம் இருக்கக் கூடாது. பிளக்கைப் போட்டோ எடுத்து அனுப்பும்மா. பெட்டியைத் தொடாதே

சின்ன அத்தை: (போட்டோ)

பெரியப்பா: மேல தடியா ஒரு பின் இருக்கணுமே?

சின்ன அத்தை: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டு ஓட்டைதான். மாட்ட வந்தவர் கழட்டிட்டாரு

அம்மா: யாரு, சின்னவர் அனுப்பின ஆளா

சித்தப்பா: ஆரம்பிச்சாச்சா அண்ணி

அம்மா: கேட்டேன். அவ்வளவுதான்

பெரியப்பா: சண்டை அப்புறம். அந்தத் தடி பின்தான் எர்த், கசியற கரண்டை மண்ணுக்குள்ள அனுப்பற வழி. மத்த ரெண்டை விட நீளம், முதல்ல உள்ள போயி கடைசியா வெளிய வரணும்னுதான் அப்படி வெச்சிருக்கான். இன்வெர்ட்டர் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்னு, கரண்ட்ல வர்ற இரைச்சலை வடிகட்டற பார்ட் இருக்கு. அது கரண்ட் வர்ற லைன் ஒயர்ல இருந்தும் திரும்பிப் போற நியூட்ரல் ஒயர்ல இருந்தும் பெட்டியோட இரும்பு பாடிக்கு வரும், அது வழியா கொஞ்சம் கசியும். எர்த் இல்லேன்னா பாடியில கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் நிக்கும், 230க்கு 115. கரண்ட் ரொம்பக் கம்மி, அதான் சுள்ளுனதோட போச்சு. நாளைக்கே லைன் ஒயர் உரசிப் பாடியில பட்டா முழு 230

தம்பி: கரண்ட் கசிஞ்சா தானா விழற ஸ்விட்ச், ஆர்சிசிபி இருக்கே பெரியப்பா. டெஸ்ட் பட்டன் அமுக்கினா விழுதே

பெரியப்பா: எர்த்தே இல்லேன்னாலும் அந்தப் பட்டனுக்கு விழும்டா. அதை வெச்சு எர்த் இருக்குன்னு நம்பாதே. பேட்டரியில ஓடும்போது நியூட்ரல் எர்த்தோட எங்கயும் சேரலேன்னா, பாடியில லைன் பட்டாலும் ஆர்சிசிபி விழாது

தம்பி: அப்ப நியூட்ரலைப் பாடியில கட்டிட்டா?

பெரியப்பா: கட்டவே கூடாது!! நியூட்ரல் அறுந்தா, எரியற லைட்டு வழியா லைன் திரும்பி வந்து பாடியில உக்காந்துக்கும். நியூட்ரலும் எர்த்தும் ஒரே இடத்துலதான் சேரணும். இன்வெர்ட்டர் தானே சேர்த்துக்குதான்னு மேனுவல்ல பாக்கணும்

சித்தி: பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை மாசமாச்சு?

அக்கா: எங்க வீட்டு ஏணி யார்கிட்ட இருக்கு? பரண்ல ஏறணும்

அம்மா: சித்தப்பா வீட்ல

சித்தப்பா: போன மாசமே குடுத்துட்டேன்

பெரியப்பா: ஏணியை விடுங்க. மோட்டார் பெட்டி அப்பாவைத் தூக்கிப் போட்டது மறந்துபோச்சா எல்லாருக்கும்? அன்னிக்கும் எர்த் ஒயரை வெட்டித்தான் விட்டிருந்தாங்க

சித்தப்பா: மறக்கல அண்ணா

பெரியப்பா: மெயினை மட்டும் ஆஃப் பண்ணாப் போதாதும்மா, பேட்டரி உள்ள இருக்கு. முன்னாடி பட்டனையும் ஆஃப் பண்ணிட்டு அப்புறம் பிளக்கை எடு

சின்ன அத்தை: பண்ணிட்டேன். பாப்பாவுக்கு 6 மணிக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்கே?

தம்பி: என் போன் ஹாட்ஸ்பாட்ல பாக்கட்டும், வரேன்

சித்தப்பா: நாளைக்கு அந்த ஆளையே வரச் சொல்றேன்

அம்மா: அதே ஆளா??

பெரியப்பா: யாரா இருந்தாலும் மூணு பின் சாக்கெட் போட்டு, பாடிக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வெச்சு எனக்கு வீடியோ கால்ல காட்டணும். அதுவரைக்கும் ஆன் பண்ணாதே

சித்தப்பா: வேற ஆள் பாக்கவா, வேணாமா? சொல்லுங்க

அக்கா: ஏணி?