உபுண்டுல பைதான் வெர்ஷன் மாத்தினதுல இருந்து டெர்மினல் திறக்க மாட்டேங்குது, யாராவது உதவுங்க

கோத்தகிரி_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். என் லேப்டாப்ல விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு 22.04, அதோடவே வந்த பைதான் 3.10 (ப்ரோக்ராம் எழுதுற மொழி). எங்க பக்கம் சின்ன தேயிலை விவசாயிங்க தினம் போடுற பச்சைத் தேயிலை எடை, ஃபேக்டரி தர்ற விலை, அட்வான்ஸ் பிடித்தம் எல்லாம் இன்னும் நோட்டுலதான் ஓடுது, மாசக் கடைசியில கூட்டிப் பாக்குறப்போ ஒருத்தர் கணக்கும் ஒத்து வராம பேச்சு வளருது, அதனால அப்பாவுக்காக ஜாங்கோங்கிற பைதான் கருவியில ஒரு சின்ன கணக்கு ப்ரோக்ராம் எழுதிட்டு இருக்கேன். ஜாங்கோ 6.0 போடப் பாத்தா பைதான் 3.12 ஆவது வேணும்னு பைதான் பேக்கேஜ் இறக்கித் தர்ற பிப் சொல்லிடுச்சு. தம்பி ஒரு வீடியோ பாத்து டெட்ஸ்னேக்ஸ் பிபிஏல (உபுண்டுக்கு வெளியாளுங்க பேக்கேஜ் வெச்சுத் தர்ற இடம்) இருந்து 3.12 இறக்கி, அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்னு ஒரு கமாண்ட் குடுத்து, பைதான்3ன்னு அடிச்சாலே 3.12 வர்ற மாதிரி வெச்சுட்டான். அப்போ வெர்ஷன் சரியாதான் காட்டுச்சு.

கமாண்ட் அடிச்ச அந்த டெர்மினல் ஜன்னலை மூடினதுக்கப்புறம் ஐக்கானை அமுக்கினா கொஞ்ச நேரம் சுத்துது, அப்புறம் ஒண்ணும் வர்றதில்ல. எரர் கூட காட்டல. சாஃப்ட்வேர் அப்டேட்டரும் அதே கதை. ஃபயர்பாக்ஸ், ஃபைல்ஸ் எல்லாம் நல்லாதான் ஓடுது. கோயமுத்தூர் இறங்கி கடையில குடுத்தா ஃபார்மேட் பண்ணிடுவாங்களோன்னு பயமா இருக்கு, எழுதினது பூரா அதுக்குள்ளதான் இருக்கு. மழையில நெட்டும் விட்டு விட்டு வருது, போன்ல இருந்துதான் டைப் பண்றேன்.

கூடலூர்_மழை:
ரெண்டு வெர்ஷனும் மோதுது போல. பழைய 3.10ஐ ரிமூவ் பண்ணிட்டு 3.12ஐ மட்டும் வெச்சுப் பாருங்க.

குன்னூர்_பெங்குவின்:
தயவு செஞ்சு அதை மட்டும் செஞ்சுடாதீங்கம்மா. கூடலூர் அண்ணா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, ஆனா உபுண்டுல பைதான்3ஐ ரிமூவ் பண்ணா அதை நம்பி இருக்குற பேக்கேஜ் எல்லாம் கூடவே போகும்னு பெரிய லிஸ்ட் வரும், அதுல டெஸ்க்டாப்போட பேக்கேஜும் இருக்கும், படிக்காம எஸ் குடுத்தா அப்புறம் கறுப்பு ஸ்க்ரீன்தான்.

இப்ப நடந்தது என்னன்னா, உபுண்டுல டெர்மினல் ஐக்கானை அமுக்கினா முதல்ல ஓடுறது ஒரு சின்ன பைதான் ஸ்க்ரிப்ட். அது யுஎஸ்ஆர்/பின்ங்கிற சிஸ்டம் ஃபோல்டர்ல இருக்குற பைதான்3ஐத்தான் கூப்பிடும். அந்த ஸ்க்ரிப்டுக்கு ஜிஐன்னு ஒரு மாட்யூல் வேணும், அது 3.10க்குன்னே கம்பைல் பண்ணி வெச்சது, ஃபைல் பேர்லயே சிபைதான்-310ன்னு இருக்கும். 3.12 போய் தேடினா தனக்கான ஃபைல் இல்லைன்னு அங்கேயே நின்னுடும், எரர் எழுதிக் காட்ட டெர்மினலும் இல்ல, அதான் உங்களுக்கு ஒண்ணுமே தெரியல. அப்டேட்டரும் பைதான்லதான் எழுதினது. உங்க ஃபைல் எதுக்கும் ஒண்ணும் ஆகல, ஃபார்மேட் தேவையே இல்ல. நெட்டும் வேண்டாம்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேத்து அமுக்குங்க, சில லேப்டாப்ல எஃப்என் பட்டனும் கூட வேணும். கறுப்பு ஸ்க்ரீன்ல லாகின் கேக்கும். பாஸ்வேர்ட் அடிக்கிறப்போ புள்ளி கூட தெரியாது, அது அப்படித்தான், அடிச்சுட்டு என்டர் குடுங்க. கமாண்டை போன்ல தமிழ்லயே எழுதுறேன், நீங்க இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. சூடோன்னா அட்மின் உரிமையோட ஓட்டுறது. முதல்ல

சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைதான்3

இது தம்பி போட்ட செட்டிங்கை எடுத்துடும், கூடவே பைதான்3ங்கிற லிங்க்கும் போயிடும், அதனால இங்க நிறுத்தி ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க, உடனே அடுத்தது

சூடோ எல்என் -எஸ்எஃப் /யுஎஸ்ஆர்/பின்/பைதான்3.10 /யுஎஸ்ஆர்/பின்/பைதான்3

எல்லாம் சின்ன எழுத்து, எஸ்எஃப்க்கு அப்புறமும் ரெண்டு பேருக்கு நடுவுலயும் ஒரு ஸ்பேஸ். அப்புறம் பைதான்3 --வெர்ஷன் அடிச்சா 3.10ன்னு வரணும். வந்துச்சுன்னா கன்ட்ரோல் ஆல்ட் எஃப்2ல பழைய ஸ்க்ரீனுக்குத் திரும்பி டெர்மினலைத் திறந்து பாருங்க.

கோத்தகிரி_பொண்ணு:
அண்ணா திறந்துடுச்சு!! அப்டேட்டரும் வருது. ரொம்ப ரொம்ப நன்றி. ஆனா இப்ப மறுபடி 3.10தானே, ஜாங்கோ 6க்கு என்ன பண்றது? தம்பி போட்ட 3.12 அப்படியே இருக்கா?

குன்னூர்_பெங்குவின்:
இருக்கும்மா, பைதான்3.12ன்னு புள்ளியோட முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அது வரும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கலாம், சண்டையே கிடையாது. சிஸ்டத்தோட பைதான் ஊருக்கே தண்ணி போற மெயின் பைப் மாதிரி, அதைத் தொடாம உங்க தோட்டத்துக்குத் தனி லைன் போட்டுக்கணும். அந்தத் தனி லைன்தான் வென்வ், பைதான் 3.3 வந்த 2012ல இருந்தே கூடவே வருது. உங்க ப்ரோக்ராம் ஃபோல்டருக்குள்ள போய்

பைதான்3.12 -எம் வென்வ் வென்வ்

சோர்ஸ் வென்வ்/பின்/ஆக்டிவேட்

இதுக்கப்புறம் அந்த டெர்மினல்ல பைதான்னு அடிச்சாலே 3.12, பிப் போடுறதெல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ள மட்டும் உக்காரும். இந்த பிப்க்கு முன்னாடி சூடோ போடவே போடாதீங்க, போட்டா நேரா சிஸ்டத்துக்குள்ள போயிடும், திரும்பவும் இதே இடத்துக்குத்தான் வருவோம்.

கோத்தகிரி_பொண்ணு:
முதல் கமாண்ட்லயே என்ஷ்யூர்பிப் இல்லைன்னு எரர் அண்ணா.

குன்னூர்_பெங்குவின்:
அந்த எரரை முழுசாப் படிச்சா கீழ பேக்கேஜ் பேரும் இருக்கும். என்ஷ்யூர்பிப்ங்கிறது வென்வுக்குள்ள பிப்பை வெக்கிற பகுதி. டெபியன் (உபுண்டுவுக்கு அடிப்படை), உபுண்டு வழக்கப்படி வென்வைத் தனி பேக்கேஜா பிரிச்சு வெச்சிருக்காங்க. நெட் வர்றப்போ சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைதான்3.12-வென்வ் குடுங்க, பாதியில நின்ன வென்வ் ஃபோல்டரை அழிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து.

பண்ணைக்காடு_காப்பி:
நான் இந்தப் பக்கம் பழனி மலையில இருந்து எழுதுறேன், எங்களுக்கும் இதே கரண்ட், இதே நெட். குன்னூர் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன். உபுண்டு 24.04க்கு ஏறினா சிஸ்டம் பைதானே 3.12தான், பிபிஏ எதுவும் வேண்டாம். பாதுகாப்பு ஓட்டை வந்தா உடனே அடைச்சுத் தர்றோம்னு டெட்ஸ்னேக்ஸ்காரங்க உறுதி எதுவும் குடுக்கல, அவங்க பக்கத்துலயே அப்படித்தான் எழுதியிருக்காங்க, அதனால ஊர் ஜனத்தோட பணக்கணக்கு வெக்கிற மெஷினுக்கு உபுண்டு தர்ற பைதான்தான் என் மனசுக்கு ஒப்புது. ஆனா இப்ப வேண்டாம். டவுன்லோட் ஜிபி கணக்குல போகும், நடுவுல கரண்ட் போய் பேட்டரியும் இறங்கிட்டா பெரிய தலைவலி. 22.04க்கு 2027 வரைக்கும் அப்டேட் வரும், அவசரமே இல்ல. மழை விட்டு, நல்ல நெட் இருக்குற வீட்டுல சார்ஜர் சொருகி, எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துட்டு செய்ங்க. ஏறினதுக்கப்புறம் வென்வ் ஃபோல்டரை அழிச்சுப் புதுசா போடணும், அதனால இப்பவே பிப் ஃப்ரீஸ் குடுத்து போட்டிருக்குற பேக்கேஜ் லிஸ்டை ஒரு ஃபைல்ல வெச்சுக்கோம்மா. 24.04ல வென்வுக்கு வெளியில பிப் போட்டா எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு சொல்லி அதுவே தடுத்துடும், நல்ல ஏற்பாடு.

கோத்தகிரி_பொண்ணு:
நன்றிங்க சார். வென்வ் வந்துடுச்சு, ஜாங்கோ 6ம் ஏறிடுச்சு, நேத்து வரைக்கும் உள்ள எடை எல்லாம் உள்ள போட்டுட்டேன். கடைசியா ஒண்ணு, அப்பாவுக்கு ஆக்டிவேட் எல்லாம் அடிக்க வராது, டெஸ்க்டாப்ல ஒரு ஐக்கான் வெச்சா போதும்னு சொல்றார். முடியுமா?

குன்னூர்_பெங்குவின்:
தாராளமா முடியும். ஆக்டிவேட் நம்ம டைப் பண்ற வசதிக்குத்தான், வென்வுக்குள்ள இருக்குற பைதானை முழுப் பாதையோட கூப்பிட்டா அதுவே போதும். டெஸ்க்டாப் ஃபைல்ல எக்ஸெக் வரியில /ஹோம்ல ஆரம்பிச்சு வென்வ்/பின்/பைதான் வரைக்கும் முழுசா எழுதி, ஒரு ஸ்பேஸ் விட்டு மேனேஜ்.பையோட (உங்க ஜாங்கோ ப்ரோக்ராமை ஓட்டுற ஃபைல்) முழுப் பாதை, அப்புறம் ரன்சர்வர். டெர்மினல்=ட்ரூன்னு ஒரு வரி வைங்க, அப்பா அந்த ஜன்னலை மூடினா ப்ரோக்ராமும் நின்னுடும். ஐக்கான் மேல ரைட் கிளிக் பண்ணி அலோ லான்ச்சிங் குடுக்கணும், இல்லேன்னா திறக்காது. ஃபயர்பாக்ஸ்ல 127.0.0.1:8000ஐ புக்மார்க் பண்ணிக் குடுத்துடுங்க, எல்லாம் லேப்டாப்புக்குள்ளயே ஓடுறதால நெட் இல்லாத நாள்லயும் எடை போட்டுக்கலாம். டேட்டாபேஸை நீங்க மாத்தலைன்னா கணக்கு பூரா டிபி.எஸ்கியூலைட்3ங்கிற ஒரே ஃபைல்ல இருக்கும், வாரா வாரம் அதை மட்டும் பென்டிரைவ்ல காப்பி பண்ணிடுங்க.