டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ரிசர்வ் போட்டாலும் வண்டி நிற்கிறது: 86 புல்லட், உதவி தேவை

உப்பளத்தில்நின்றவன்:

வணக்கம். அப்பாவின் 1986 புல்லட் 350. பத்து வருடம் மாட்டுக் கொட்டகையில் கிடந்ததைப் போன வருடம் வெளியே எடுத்து, இன்ஜின் வேலை பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஊருக்குள்தான். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விட்டதே இல்லை, அதனால் ரிசர்வ் போட வேண்டிய தேவையும் வந்ததில்லை.

போன ஞாயிறு சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) புதுச்சேரிக்குக் கிளம்பினேன். மரக்காணம் உப்பளத்தைத் தாண்டும்போது இன்ஜின் ரெண்டு தடவை இருமியது. சரி, ரிசர்வ் விழுந்துவிட்டது என்று, டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் பெட்ரோல் காக்கை ரிசர்வுக்குத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. ஆனால் ரெண்டு கிலோமீட்டரில் மறுபடி அணைந்துவிட்டது. எவ்வளவு உதைத்தும் பயனில்லை. வெயிலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு உதைத்தேன், ஒரே உதையில் ஸ்டார்ட். அப்புறம் மறுபடி ரெண்டு கிலோமீட்டர். இப்படி நாலு தடவை. கடைசியில் குட்டி யானை வேன் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெட்ரோல் தெரிகிறது. வண்டியை ஆட்டினால் சலசலக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன், எண்ணெய்ப் பிசுபிசுப்பு இல்லாமல் காய்ந்து வெளுத்திருந்தது. பக்கத்துத் தெரு மெக்கானிக், பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கும் காயில் சூடாகிக் கரன்ட் விட்டுவிடுகிறது, மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றலாமா?

இன்னொரு சின்னச் சந்தேகம், சிரிக்காதீர்கள். ரிசர்வ் என்று டேங்குக்குள் தனி அறை ஏதாவது இருக்கிறதா?

பழைய_இரும்பு:

காயிலுக்குக் காசு கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. பிளக் காய்ந்திருந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கரன்ட் போயிருந்தால் அத்தனை உதைக்குப் பிளக் பெட்ரோலில் நனைந்து நாறியிருக்கும். இது பெட்ரோல் வராத கேஸ்.

தனி அறை எதுவும் கிடையாது. காக்கின் மேல்பகுதி டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ரெண்டு வழி. ஒன்று, விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பித்தளைக் குழாய். இன்னொன்று அதன் அடியிலேயே, டேங்கின் தரையை ஒட்டி ஒரு ஓட்டை. காக்கை ஆனில், அதாவது வழக்கமாக ஓட்டும் நிலையில் வைத்தால் குழாயின் உச்சி வழியாகத்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்த உச்சிக்குக் கீழே போனதும் வரத்து நின்றுவிடும், வண்டி இருமும். ரிசர்வுக்குத் திருப்பினால் அடி ஓட்டை திறக்கும், மிச்சம் வரும். அவ்வளவுதான். குடத்தின் கழுத்தில் ஒரு குழாய், அடியில் ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். துருவும் மண்ணும் சொல்லவே வேண்டாம். எல்லாம் அடியில்தான் போய்த் தங்கும். நீங்கள் ஒரு வருடமாகக் குழாயின் உச்சியிலிருந்து தெளிந்த பெட்ரோலை மட்டும் குடித்திருக்கிறீர்கள். அடி ஓட்டை எப்படி இருக்கிறது என்று மரக்காணத்தில்தான் முதல்முறை பார்த்திருக்கிறீர்கள்.

காக்கைக் கழற்றும் முன் ரெண்டு சோதனை. அடுத்த முறை அணையும்போது டேங்க் மூடியைத் திறந்துவிட்டு உதையுங்கள். ரெண்டாவது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் பக்கம் டியூபை உருவி ஒரு டம்ளருக்குள் விட்டு, ரிசர்வில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி வருகிறது என்று அளந்து சொல்லுங்கள். வாசலில் வைத்துச் செய்யுங்கள். சமையலறைப் பக்கம் வேண்டாம், இன்ஜின் ஆறியிருக்கட்டும்.

மைசூர்_யெஸ்டி:

மூடிச் சோதனையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் யெஸ்டி ரோட்கிங் பைக் இதே மாதிரிதான் ஆறு மாதம் படுத்தியது. மூடியில் காற்று போக ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று குறைந்து, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்காது. நின்று டீ குடித்துவிட்டு வந்தால் மெதுவாகக் காற்று புகுந்து சரியாகிவிடும், வண்டி ஓடும். என் வண்டியில் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது, அதோடு வியாதி பிடிபட்டது. முந்தைய சொந்தக்காரர் டேங்குக்குப் பெயின்ட் அடித்தபோது ஓட்டையையும் சேர்த்து அடித்திருந்தார்.

வெட்டிப்பேச்சு:

'காக்கைத் திருப்பினேன்', 'காக்கைக் கழற்று' என்று படிக்கும்போதெல்லாம் காக்கையின் கழுத்தைத்தான் திருகுகிறீர்களோ என்று பதறுகிறேன். பெட்ரோல் குழாய் என்று சொல்லக்கூடாதா?

பழைய_இரும்பு:

குழாய் என்றால் கடைக்காரர் டியூபை எடுத்துக் கொடுப்பார்.

உப்பளத்தில்நின்றவன்:

ரெண்டு சோதனையும் முடிந்தது.

மூடி: வண்டியைத் தெருவில் ரிசர்விலேயே ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் அணைந்தது. மூடியைத் திறந்தேன், சத்தம் ஒன்றும் இல்லை. திறந்து வைத்தபடியே உதைத்தும் எடுக்கவில்லை. அப்படியென்றால் மூடி குற்றவாளி இல்லைதானே?

அளவு: மகளின் இருமல் மருந்து மூடிதான் கைக்குக் கிடைத்தது, ஒரு மூடி 10 மில்லி. ரிசர்வில் முதலில் கொஞ்சம் வேகமாக வந்தது, பிறகு சொட்டுச் சொட்டாக. ஒரு நிமிடத்துக்கு ஒரு மூடியும் இன்னும் ஒரு துளி மீதியும், 12 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் மூன்று லிட்டர் ஊற்றிவிட்டு ஆனில் வைத்துப் பார்த்தேன். கொட்டியது. நிமிடத்தில் கால் லிட்டர் பாட்டில் நிறைந்துவிட்டது.

பழைய_இரும்பு:

கணக்கு அழகாக உட்காருகிறது பாருங்கள்.

உங்கள் வண்டி லிட்டருக்கு 35 என்று வைப்போம். 50 வேகத்தில் போனால் மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 24 மில்லி வேண்டும். வருவது 12. மிச்சம் 12 மில்லியை கார்புரேட்டர் தன் கிண்ணத்தில் சேர்த்து வைத்திருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கிண்ணத்தில் 30 மில்லி இருந்தால் ரெண்டரை நிமிடத்தில் காலி. அந்த வேகத்தில் ரெண்டரை நிமிடம் என்றால் ரெண்டு கிலோமீட்டர். நின்று பத்து நிமிடம் காத்திருந்தபோது கிண்ணம் மறுபடி நிறைந்திருக்கிறது, ஒரே உதையில் எடுத்திருக்கிறது. மரக்காணத்தில் நீங்கள் பட்டது மொத்தமும் இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. அன்று 25 வேகத்தில் உருட்டியிருந்தால் அணையாமலே கொஞ்ச தூரம் போயிருக்கும்.

அடி ஓட்டை அடைப்பு. காக்கைக் கழற்றத்தான் வேண்டும்.

அயனாவரம்_பெரியவர்:

தம்பி, கழற்றும் முன் டேங்கைச் சுத்தமாக வடித்துவிடு. வடிக்கும்போது ஒரு விஷயம். இந்த டேங்க் சட்டத்தின் மேல் குதிரைச் சேணம் மாதிரி உட்கார்ந்திருக்கும், அடியில் நடுவே பள்ளம், டேங்குக்குள் அது மேடு. பெட்ரோல் குறைந்ததும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பிரிந்து நிற்கும். காக் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்தில் இருப்பது தானாக இங்கே வராது. வண்டியைக் காக் இருக்கும் பக்கம் நன்றாகச் சாய்த்தால் மேட்டைத் தாண்டி வரும். நடுவழியில் ரிசர்வும் தீர்ந்துபோனால் இப்படிச் சாய்த்தே பங்க் வரை போனவர்கள் உண்டு, நானும் போயிருக்கிறேன்.

எங்கள் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பக்கத்துக்கு ஒரு காக் வைத்திருந்தான். ஒரு பக்கத்தை மூடியே வைத்துவிடுவோம், அதுதான் ரிசர்வ். திருப்புவது கிடையாது, இழுத்தால் திறக்கும், அழுத்தினால் மூடும். உள்ளே அடைப்புக்குக் கார்க். மாதக்கணக்கில் டேங்கைக் காயப் போட்டால் கார்க் சுருங்கி ஒழுக ஆரம்பிக்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் உப்பிவிடும். என் வீட்டுக்காரம்மா ரசச் சட்டியில் கார்க் வேகிறதைப் பார்த்துவிட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது.

உள்ளே துரு இருந்தால், மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றி, ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கு. எத்தனை நட்டு போட்டாய் என்று எண்ணிவைத்துக்கொள். அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும்.

ரிசர்வ்ராஜா:

இவ்வளவு தலைவலி எதற்கு? நான் பத்து வருடமாக ஆனுக்கே போவதில்லை. எப்போதும் ரிசர்வ்தான். அடைக்கிற பேச்சே இல்லை.

மைசூர்_யெஸ்டி:

அடைக்காது, சரி. பெட்ரோல் தீர்ந்தால் யார் சொல்வார்கள்? பழைய வண்டியில் முள்ளும் கிடையாது, விளக்கும் கிடையாது. அந்த இருமல் ஒன்றுதான் எச்சரிக்கை, அதையும் வாயைப் பொத்திவிட்டீர்கள். ஒரு தடவை பெட்ரோல் போட்டுவிட்டு ஆனுக்குத் திருப்ப மறந்து, உளுந்தூர்ப்பேட்டைக்கு இந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டர் தள்ளினேன், நடு மத்தியானம். அதிலிருந்து பங்கில் மூடியைப் பூட்டுகிற கை நேராகக் காக்குக்குத்தான் போகும்.

வேண்டுமானால் மாதம் ஒருமுறை ஒரு கிலோமீட்டர் ரிசர்வில் ஓட்டுங்கள், பிறகு ஆனுக்கு வந்துவிடுங்கள். நிறுத்தும்போது மூடிவிடுங்கள். என் யெஸ்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் இது முக்கியம். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் கார்புரேட்டர் நீடில் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் ராத்திரி முழுக்கக் கசிந்து இன்ஜின் அடியில் கிராங்க் கேஸில் போய் நிற்கும், காலையில் எவ்வளவு உதைத்தாலும் எடுக்காது.

கிள்ளான்_ஜிஎஸ்:

மலேசியாவிலிருந்து. இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பழைய சுசுகி ஜிஎஸ் 550 இருக்கிறது. காக்கில் ஆன், ரிசர்வ், பிரைம் என்று மூன்றுதான். மூடுகிற இடமே இல்லை. மூடாமல் விட்டால் பரவாயில்லையா?

பழைய_இரும்பு:

உங்களுடையது வேக்குவம் காக். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. இன்ஜின் ஓடும்போது உறிஞ்சுகிற உறிஞ்சலில்தான் அது விலகிப் பெட்ரோல் விடும். அணைத்தால் தானே மூடிக்கொள்ளும், அதனால் ஆனிலோ ரிசர்விலோ விட்டுவிட்டுப் போகலாம். பிரைம் அப்படியில்லை. அது சவ்வைக் கேட்காமல் நேரே திறக்கிற வழி. காய்ந்து கிடந்த கார்புரேட்டரை நிரப்ப மட்டும் வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுங்கள். பிரைமில் மறந்துவிட்டால் மைசூர்க்காரர் சொன்ன கதைதான், ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது ஆயில் வரைக்கும் இறங்கும். சின்ன வேக்குவம் டியூபை உருவிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், முதலில் ஆயிலை மாற்றுங்கள்.

உப்பளத்தில்நின்றவன்:

கழற்றிவிட்டேன். பெரியவர் ஐயா சொன்னபடி வடித்தேன். நின்றது என்று நினைத்து அப்புறம் சாய்த்ததில் இன்னும் ஒரு டம்ளர் வந்தது.

காக்கைத் திருகி எடுத்ததும் அடியில் பித்தளையே தெரியவில்லை. காப்பிப் பொடியைக் குழைத்து அப்பியது மாதிரி துருச் சேறு, அதைச் சுற்றிச் சல்லடை வலையின் கிழிந்த துண்டு. அடி ஓட்டை இருந்த இடத்தைத் துணியால் துடைத்துத்தான் கண்டுபிடித்தேன். நிமிர்ந்த குழாய் மட்டும் பளிச்சென்று இருந்தது. வடித்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்தேன், ராத்திரிக்குள் அடியில் விரற்கடை அளவு தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது.

முப்பது நட்டு போட்டேன். இருபத்தொன்பது வந்தது. கடைசி ஒன்றுக்காக அரை மணி நேரம் டேங்கைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினேன். வந்துவிட்டது.

இப்போது வேறு பிரச்சினை. திரும்ப மாட்டியதும் காக்கும் டேங்கும் சேரும் இடத்தில் ஒழுகுகிறது. சிலிக்கான் கம் தடவலாமா?

அயனாவரம்_பெரியவர்:

வேண்டாம் தம்பி. அந்தக் கம் பெட்ரோலில் ஊறி ஜவ்வாகிவிடும், பிய்ந்த துண்டு நேரே நீ சுத்தம் செய்த ஓட்டைக்குள்தான் போகும். பழைய ஃபைபர் வாஷரையே போட்டாயா? அது ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். புதிது போடு, பத்து ரூபாய் சாமான். வாஷர் உட்காரும் இடத்தில் பழைய பெயின்ட் பொருக்கு இருந்தால் நகத்தால் சுரண்டிவிடு. கையால் இறுகும் வரை திருகி, அப்புறம் ஸ்பேனரில் கொஞ்சம்தான்.

பழைய_இரும்பு:

தண்ணீர் வந்ததில் ஆச்சரியமில்லை. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஓடுகிற வண்டிக்குப் பெரிதாகத் தெரியாது, நிற்கிற வண்டிக்குத் தெரியும். பெட்ரோல் டியூபும் பழையதென்றால் இதோடு மாற்றிவிடுங்கள். மஞ்சளாகி, மடக்கினால் நொறுங்குகிற நிலையில் இருக்கும்.

மாட்டிய கையோடு ரிசர்வையும் அளந்துவிடுங்கள். ஆனில் இருமும் வரை ஓட்டிவிட்டு, ரிசர்வில் வைத்து மொத்தத்தையும் பாட்டிலில் வடியுங்கள். அதுதான் உங்கள் வண்டியின் ரிசர்வ். அடுத்தவர் வண்டிக் கணக்கை நம்பாதீர்கள். குழாயைப் பாதியில் வெட்டி வைத்த காக்கும் இருக்கிறது, குழாயே கழன்று டேங்குக்குள் உருண்டுகொண்டிருக்கும் காக்கும் இருக்கிறது. அப்படிப்பட்டதில் ஆன், ரிசர்வ் ரெண்டும் ஒன்றுதான்.

உப்பளத்தில்நின்றவன்:

புது வாஷர், புது டியூப், ஒழுகல் நின்றது. ரிசர்வில் இப்போது நிமிடத்துக்கு 180 மில்லி வருகிறது.

ரிசர்வ் 1.3 லிட்டர். சாய்த்தால் இன்னும் 200 மில்லி. லிட்டருக்கு 35 கணக்கில் சாய்க்காமல் 45 கிலோமீட்டர், ஆனால் 35 கிலோமீட்டர் தாண்டும் முன் பங்க் தேடுவது என்று முடிவு செய்துவிட்டேன். விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை டேங்குக்குள் விட்டு லிட்டர் லிட்டராக ஊற்றி பிளேடால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், இருக்கைக்கு அடியில் கிடக்கிறது.

ஞாயிறு மறுபடி அதே ஈசிஆர். உப்பளம் பக்கத்தில் இருமும் மாதிரிதான் பெட்ரோல் போட்டிருக்கிறேன்.

மைசூர்_யெஸ்டி:

குட்டி யானைக்காரர் நம்பர் இருக்கிறதா?

உப்பளத்தில்நின்றவன்:

அழிக்கவில்லை.