விமான நேரத்தை மாற்றிவிட்டார்கள், சென்னையில் அடுத்ததைப் பிடிக்க முடியுமா? (அவசரம்)

தெக்கத்திக்காரன்:
குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். சென்னை போகிற விமானத்தின் நேரத்தை மாற்றி நேற்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. இனி 11.35க்குத்தான் சென்னையில் இறங்குமாம். அடுத்த விமானம் 12.10. வேகமாகப் போனால் பிடிக்கலாமா, இல்லை பணம் போனது போனதுதானா? கஸ்டமர் கேரில் பாட்டுதான் ஓடுகிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மஞ்சள்பை:
எந்த ஊரிலிருந்து சென்னை? எந்தத் தேதி? பெட்டியை செக்-இன் போடுகிறீர்களா, கைப்பை மட்டுமா?

நெல்லைப் பயணி:
அதோடு இதையும் சொல்லுங்கள்: இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரா (டிக்கெட் பதிவு எண்), தனித்தனியா? அது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

ஓடுதளம்:
தனித்தனியாகத்தான் இருக்கும், கேட்கவே வேண்டாம். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்துக்கு வழி செய்ய வேண்டியது கம்பெனியின் வேலை. இந்தக் கேள்வி இங்கே வருவது புதிதல்ல, பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. 12.10 விமானத்துக்கு செக்-இன் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். அப்போது நீங்கள் வானத்தில் இருப்பீர்கள். தனி டிக்கெட் என்றால் பெட்டியும் நேராகப் போகாது. பெல்ட்டில் எடுத்து, வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். பிடிக்க முடியாது.

சட்டம் தெரிந்தவன்:
விடாதீர்கள் சார். டிஜிசிஏ (விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பு) விதிப்படி 10,000 ரூபாய் வரை நஷ்டஈடு உண்டு. விமானப் பயணிகளுக்கான அரசின் ஏர்சேவா செயலியில் புகார் போடுங்கள், கேட்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்.

ஓடுதளம்:
அந்தத் தொகை, முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால். பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 என்று மூன்று படி. அதிலும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைவான தொகைதான். இவருக்கு முன்னாலேயே தகவல் வந்துவிட்டது. பாதி விதியைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள்.

தெக்கத்திக்காரன்:
தூத்துக்குடியிலிருந்து. 18ஆம் தேதி. தனித்தனி பி.என்.ஆர், ஆனால் ஒரே கம்பெனி. மொபைல் ஆப் ஒன்றில் போட்டது. அம்மாவையும் சேர்த்து நாலு பேர், பெட்டி இரண்டு. அம்மாவால் வேகமாக நடக்க முடியாது.

மஞ்சள்பை:
அண்ணாச்சி, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பதற வேண்டாம். அந்தக் குறுஞ்செய்தியில் ஒரு இணைப்பு இருக்கும். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எங்கேயும் தட்டிவிடாதீர்கள். ஏற்றால் புது நேரத்துக்கு நீங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும். வெப் செக்-இன்னும் இப்போது செய்ய வேண்டாம். நேரத்தைக் கம்பெனியே இவ்வளவு தள்ளினால், வழக்கமாகக் கட்டணம் இல்லாமல் வேறு விமானத்துக்கு மாற்றித் தருவார்கள், இல்லை முழுப் பணத்தையும் திருப்பித் தருவார்கள். உங்களுக்கு 17ஆம் தேதி சாயங்கால விமானம்தான் சரி. அம்மாவை வைத்துக்கொண்டு அன்றைக்கே இரண்டு விமானம் ஏறுவதை விட, ராத்திரி சென்னையில் தங்கிப் போவது அவர்களுக்கும் நல்லது. சக்கர நாற்காலியையும் இப்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

அப்புறம், ஆப்பில் போட்டதால் மாற்றமும் ஆப் வழியாகத்தான் என்று சொல்லக்கூடும். முதலில் கம்பெனி இணையதளத்தில் பி.என்.ஆரைப் போட்டு உங்கள் சொந்த எண்ணும் மின்னஞ்சலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜெண்ட் எண் இருந்தால் அடுத்த அறிவிப்பு அவருக்குத்தான் போகும். தொடர்பு விவரம் சரியாகத் தராத பயணிக்கு நஷ்டஈடு இல்லை என்றும் விதியில் இருக்கிறது.

முத்துநகர் ரசிகன்:
இவ்வளவு தலைவலி எதற்கு? முதல் டிக்கெட்டை ரத்து செய்து பணத்தை வாங்கிக்கொண்டு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். ராத்திரி ஏறினால் காலையில் தாம்பரம். எழும்பூர் வரை போகவே வேண்டாம், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம்.

ஓடுதளம்:
நாலு பேருக்கு இந்த நேரத்தில் படுக்கை யார் தருவார்? 60 நாள் முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடுகிறது. முத்துநகரில் அதற்குள் காத்திருப்போர் பட்டியல்தான்.

முத்துநகர் ரசிகன்:
தட்கல் இருக்கிறதே. ஏசிக்கு முதல் நாள் காலை 10 மணி. ரயிலில் எடை போட்டு மிரட்ட மாட்டார்கள். விமானத்தில் 15 கிலோவுக்கு மேல் போனால் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு.

நெல்லைப் பயணி:
தட்கலை நம்பி அந்தமான் டிக்கெட்டைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்களா? கிடைக்கவில்லை என்றால் நாலு பேர் டிக்கெட்டும் போச்சு. வயதானவரைத் திரிசூலத்தில் பெட்டியோடு படி ஏறி இறங்க வைப்பதும் சரியில்லை. தாம்பரத்தில் இறங்கினால் ஆட்டோதான்.

முத்துநகர் ரசிகன்:
படி பிரச்சினை சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர்க்காரர்கள் ரயிலை மறந்துவிட்டுச் சின்ன விமானத்தில் போய் மழைக்குத் திரும்பி வருவது எனக்கு வருத்தம்தான்.

சட்டம் தெரிந்தவன்:
அந்தச் சின்ன ஏடிஆர் விமானத்தைக் குறை சொல்லாதீர்கள். நம் வாகைக்குளம் விமான நிலையத்தில் அது இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் மதுரைக்குத்தான் ஓட வேண்டும்.

முத்துநகர் ரசிகன்:
மதுரைக்கு ஓடினால் என்ன? இப்போது சாலை நன்றாகத்தானே இருக்கிறது?

தெக்கத்திக்காரன்:
17ஆம் தேதி சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார்கள். கூடுதல் பணம் கேட்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

மஞ்சள்பை:
நல்லது அண்ணாச்சி. புது டிக்கெட் மின்னஞ்சலில் வந்ததா? நாலு பேர் பெயரும் இருக்கிறதா? சக்கர நாற்காலிக்குச் சொன்னது சென்னை–அந்தமான் டிக்கெட்டிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பி.என்.ஆர் வேறு என்பதால் அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

நெல்லைப் பயணி:
ஆமாம், அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள்.