ராணுவ ஆட்சி அனுமதித்த எதிர்க்கட்சி: பிரேசிலின் எம்.டி.பி. பொம்மைக் கட்சியா?

மாசிவீதி வாசகன்:
1964-ல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆனாலும் எம்.டி.பி. (பிரேசில் ஜனநாயக இயக்கம்) சட்டப்படியே எதிர்க்கட்சியாக இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பேச வேண்டும். அது வெறும் பொம்மைதானா?

தல்லாகுளம் டீச்சர்:
பிறந்த விதம் அப்படித்தான். 1965 அக்டோபர் 27-ல் ராணுவ அரசின் இரண்டாவது ‘நிறுவன ஆணை’ எல்லாக் கட்சிகளையும் கலைத்தது. புதிய அமைப்பு தொடங்க 120 எம்.பி.க்களும் 20 செனட்டர்களும் வேண்டும். கெடு 45 நாள். செனட்டில் மொத்தமே 66 பேர். பெரும்பாலோர் அரசுக் கட்சியான அரேனா பக்கம் போய்விட, எம்.டி.பி. பக்கம் 20 பேரைத் தேற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஜனங்கள் இதை ‘சரி’ கட்சி என்றும் அரேனாவை ‘சரிங்கய்யா’ கட்சி என்றும் சொன்னார்கள். 1970 தேர்தலில் சுமார் 30 சதவீதம் வெற்று ஓட்டும் செல்லாத ஓட்டும். கட்சியைக் கலைத்துவிடலாமா என்று உள்ளேயே பேச்சு வந்தது.

திருமங்கலத்தான்:
டீச்சர், 1974-ஐ விட்டுவிட்டால் கணக்கு முடியாது. அந்த வருடம் 22 செனட் இடங்களில் 16 எம்.டி.பி.க்கு. கீழவையிலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதால் அவர்கள் கை தூக்காமல் அரசியல் சாசனத்தைத் திருத்த முடியாத நிலை. பிறகுதான் ஆட்சி விதிகளில் கை வைத்தது. 1976-ல் வந்த ஃபல்காவ் சட்டப்படி டிவியில் வேட்பாளர் வாய் திறக்கக் கூடாது. அசையாத ஒரு போட்டோ. பின்னால் ஒரு குரல் பெயர், எண், பார்த்த வேலையெல்லாம் வாசிக்கும். அவ்வளவுதான் பிரசாரம். 1977-ல் நீதித்துறைத் திருத்தத்தை எம்.டி.பி. தடுத்ததும் அதிபர் கெய்சல் நாடாளுமன்றத்தையே மூடினார். செனட்டில் மூன்றில் ஒரு பங்கு மறைமுகத் தேர்வு என்று ஆக்கினார். பொம்மைக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

மாசிவீதி வாசகன்:
நன்றி அண்ணே. ‘சப்லெஜெண்டா’ என்கிறார்களே, அது என்ன?

திருமங்கலத்தான்:
அது புரியாமல் ஓட்டுக் கணக்கைப் படிக்காதீர்கள் தம்பி, தப்பாகிவிடும். அப்போது ஒரு பதவிக்கு ஒரே கட்சி மூன்று பேர் வரை நிறுத்தலாம். மூவர் ஓட்டும் கூட்டப்படும். நம்ம திருமங்கலம் சேர்மன் பதவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரேனாவின் மூவருக்கு 9,000, 8,000, 7,000. எம்.டி.பி.யின் ஒற்றை ஆளுக்கு 20,000. ஜெயிப்பவர் 9,000 வாங்கியவர், ஏனென்றால் கூட்டு 24,000. ஊரில் ஒருவருக்கொருவர் ஆகாத பெரிய புள்ளிகளும் ஒரே அரசுக் கட்சிக்குள் நிற்க இதுதான் வழி. மாநிலத் தலைநகரங்களில் அப்போது மேயர் தேர்தலே கிடையாது, நியமனம்தான்.

தல்லாகுளம் டீச்சர்:
1978-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். செனட்டுக்கு விழுந்த ஓட்டு எம்.டி.பி.க்கு அதிகம், இடம் அரேனாவுக்கு அதிகம். பெரிய மாநிலமான சாவ் பாலோவுக்கும் சின்ன மாநிலத்துக்கும் செனட்டில் ஒரே எண்ணிக்கைதானே. எதிர்ப்பு ஓட்டு சிதறட்டும் என்று 1979-ல் இரண்டு கட்சிகளையும் கலைத்தார்கள். பெயரில் ‘கட்சி’ என்ற சொல் கட்டாயம் என்றது புதிய சட்டம். எம்.டி.பி.காரர்கள் முன்னால் கட்சியைக் குறிக்கும் ஒரு ‘பி’ (P) சேர்த்து பி.எம்.டி.பி. ஆனார்கள், பழைய பெயரும் கையைவிட்டுப் போகவில்லை.