மணகோலம் நாலு பெயரில் விற்ற கதை: கடைக் கணக்கும் கம்ப்யூட்டரும், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

காரைக்குடியில் எங்களுக்குப் பலகாரக் கடை. கைமுறுக்கு, தேன்குழல், அதிரசம், சீப்புச் சீடை, மணகோலம் (எங்கள் செட்டிநாட்டு இனிப்புப் பலகாரம்) எல்லாம் சொந்த அடுப்பில் போட்டு விற்கிறோம். பில் போட மென்பொருள் வாங்கி ஆறு வருஷம் ஆகியும் அதில் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்ததே இல்லை. 2024 தீபாவளிக்கு எதை எவ்வளவு போடுவது என்று முடிவு செய்ய, முந்தைய வருஷத்துப் பொருள்வாரி விற்பனையை முதல் தடவையாக எடுத்தேன். மணகோலம் ஒன்பதாவது இடத்தில் கிடந்தது. சரி, குறைத்துவிடலாம் என்று பாதி போட்டேன். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போதே டப்பா காலி. தேவகோட்டையிலிருந்து வருஷா வருஷம் வரும் ஆச்சி ஒருவர், "மணகோலம் இல்லாம எப்படிப்பா சம்பந்தி வீட்டுக்குப் போறது?" என்று கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பினார். அந்த முகம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அப்புறம்தான் பொருள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். "மணகோலம்", "மனகோலம்", "மனகோலம் அரை", "ம.கோலம்". கல்லாவில் இருந்தவர்கள், தேடிய பெயர் வராதபோதெல்லாம் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டுப் பில் போட்டிருக்கிறார்கள். இரண்டு கிலோ கணக்கு, இரண்டு பாக்கெட் கணக்கு. நாலையும் கிலோவாக்கிக் கூட்டினால் கைமுறுக்குக்கு அடுத்த இடம்!

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டேன். 2023ல் தீபாவளி நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31. நம் வியாபாரம் பண்டிகையையும் முகூர்த்தத்தையும் ஒட்டி நடப்பது, இங்கிலீஷ் மாதத்தை வைத்துப் பார்த்தால் எப்படிச் சரிவரும்? இப்போது ஒவ்வொரு நாளுக்கும் "தீபாவளிக்கு எத்தனை நாள் முன்" என்று ஒரு கட்டம் சேர்த்து அதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

அப்பச்சியிடம் (அப்பாவிடம்) சொன்னபோது, ஐயா, அதாவது தாத்தா காலத்துப் பேரேட்டை (ஆள்வாரிக் கணக்குப் புத்தகத்தை) பரணிலிருந்து எடுக்கச் சொன்னார். பர்மாவில் பெட்டியடிப் பையனாக (கடையில் எடுபிடி வேலை பார்க்கும் சிறுவனாக) சேர்ந்து கணக்குப் பழகியவர் ஐயா. பேரேட்டில் ஓர் ஆளுக்கு ஒரே பக்கம். அன்றாடக் கணக்கு எழுதும் சிட்டையில் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் அந்தப் பக்க எண் பொடியாக எழுதியிருக்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் விலாசமும் பக்க எண்ணும் பிரித்துக் காட்டிவிடும். 1970ல் ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனியில் எட்கர் காட் எழுதிய தரவுத்தள முறையிலும் (கம்ப்யூட்டரில் தகவலை அடுக்கி வைக்கும் முறை) இதே கட்டுப்பாடு உண்டு: தரவை அட்டவணைகளாகப் பிரி, ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் கொடு, அதை வைத்து இணை. நாங்கள் மென்பொருளை வாங்கினோம், அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டோம்.

இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். புதுப் பெயர் சேர்க்கும் உரிமை எனக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும். பழைய பில்லில் கை வைக்கவில்லை, பழைய பெயர்களுக்கு எதிரே புது எண்ணை எழுதித் தனி அட்டவணை போட்டுக்கொண்டோம். பதினோரு ராத்திரி பிடித்தது.

ஆத்தங்குடியிலிருந்து:
அண்ணே, எங்கள் டைல்ஸ் பட்டறையிலும் இதே வேதனைதான். வெளியூருக்குப் போன கல் உடைந்தது என்று போன் வந்தால் லாரிக்காரரைத்தான் திட்டுவோம். கல்லைக் கண்ணாடி மேல் வார்த்த தேதி ஒரு நோட்டில், ஆர்டர் இன்னொரு நோட்டில், புகார் என் போனில். மூன்றுக்கும் பொதுவாக எதுவும் கிடையாது. வார்க்கும்போதே கட்டுக்கு ஒரு நம்பர் போட்டு, அதையே பில்லிலும் புகாரிலும் எழுத ஆரம்பித்தோம். ஆறு மாதம் கழித்து எக்செலில் சேர்த்துப் பார்த்தால், உடைந்தவை பெரும்பாலும் அவசர ஆர்டருக்காக, இறுகுவதற்கு ஊறப்போட்ட தண்ணீரிலிருந்து சீக்கிரம் எடுத்தவை. லாரிக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

தேவகோட்டையிலிருந்து:
எங்களுடையது ஹார்டுவேர் கடை. ஹார்டு டிஸ்க் போய் மூன்று வருஷக் கடன் பாக்கி அதோடு போனது. பென் டிரைவில் பேக்கப் இருக்கிறது என்று நம்பியிருந்தோம், திறந்தால் காலிக் கோப்பு. இப்போது ஒரு பிரதி வீட்டில், ஒன்று கிளவுடில். மாதம் ஒரு முறை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதாவது பத்துப் பேருடைய பாக்கியைச் சரிபார்க்கிறோம்.

காரைக்குடி (மீண்டும்):
அந்தப் பத்துப் பேர் சோதனையை நாளைக்கே எங்கள் கடையில் செய்து பார்க்கிறேன். ஆச்சிக்குப் போன வாரம் போன் செய்தேன். ரெண்டு கிலோ மணகோலம் எழுதிக்கொள்ளச் சொன்னார்.