ஏரிக்கரையில் நிறுவல் கலைப்படைப்பு: எந்தப் பொருளைக் கொண்டு, யாரோடு சேர்ந்து?

கேள்வி (ஓவிய ஆசிரியை, குடியாத்தம் வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளி ஒன்றில் ஓவியம் கற்பிக்கிறேன். வரும் பொங்கலை ஒட்டி எங்கள் ஊர் ஏரியைக் கருப்பொருளாகக் கொண்டு, மாணவர்களும் ஊராரும் சேர்ந்து பெரிய அளவில் ஒரு நிறுவல் கலைப்படைப்பை, அதாவது ஓர் இடத்துக்கென்றே உருவாக்கி அங்கேயே நிறுத்தும் படைப்பை, அமைக்க விரும்புகிறோம். விழாக்களுக்கு வைக்கப்படும் தெர்மாகோல் உருவங்களும் ஃபிளெக்ஸ் தட்டிகளும் சில நாட்களிலேயே ஏரிக்குள் குப்பையாகக் கிடப்பதைப் பார்த்து வருவதால், மண், மூங்கில், பனையோலை, வைக்கோல் போன்றவற்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். இவற்றை வெயிலும் பனியும் தாங்கும்படி பக்குவப்படுத்துவது எப்படி? ஊராரை வேடிக்கை பார்ப்பவர்களாக நிறுத்திவிடாமல் படைப்பாளிகளாகவே சேர்த்துக்கொள்வது எப்படி?

மறுமொழி 1 (கூத்து ஆர்வலர், ஆரணி)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை நம் வடார்க்காட்டு ஊர்களிலேயே இருக்கிறது. திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாட்கள் நடக்கும் விழாவின் நிறைவில், திறந்தவெளியில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து படுத்த நிலையில் துரியோதனனின் பேருருவத்தை அமைத்து வண்ணம் தீட்டுகிறார்கள். படுகளத்தன்று, அதாவது துரியோதனன் வீழும் போர்க்களக் காட்சி நடக்கும் அந்த நாளில், வீமன் வேடமிட்டவர் அதன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். பிறகு அந்த மண்ணையே மக்கள் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அருச்சுனன் தவம் செய்யும் காட்சியான அருச்சுனன் தபசுக்கு நடப்படும் உயர்ந்த மரமும் இப்படித்தான், ஊரே கூடி நிறுத்துகிற ஒன்று.

உருவத்தைச் சமைப்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தாலும், கதை, இடம், மண், முடிவு ஆகிய நான்கும் ஊருக்குப் பொதுவாக இருப்பதால்தான் அது ஊரின் படைப்பாகிறது என்பது என் கருத்து. ஆகவே வரைபடத்தை முடித்துவிட்டு ஆட்களைக் கூப்பிடாதீர்கள். மடை திறந்து நீர் பாய்ச்சியவர்கள், ஏரியில் மீன் பிடித்தவர்கள், கரையில் ஆடு மேய்க்கும் பெண்கள் ஆகியோரிடம் மாணவர்களை அனுப்பி, ஏரியைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். உருவம் அந்தப் பேச்சிலிருந்து வரட்டும். படைப்பு கலைக்கப்படும் நாளையும், கலைத்த பொருள் எங்கே போகும் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மறுமொழி 2 (மண்வீடு கட்டுபவர், வேலூர்)

பொருள்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏரி வண்டல் உருவம் பிடிக்க ஏற்றது. ஆனால் அதைத் தனியாகப் பயன்படுத்தினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் சேர்த்து, நறுக்கிய வைக்கோலையும் உமியையும் கலந்து, சில நாட்கள் புளிக்கவிட்டு மிதித்த பிறகே பூச வேண்டும். நேர்மழையை மண் தாங்காது என்பதால் கூரையோ சுண்ணாம்புப் பூச்சோ தேவைப்படும். பொங்கலுக்குள் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும் என்றாலும், மண் காய்வதற்கு மார்கழிப் பனியில் கூடுதல் நாட்கள் பிடிக்கும். வண்டலை அனுமதியில்லாமல் அள்ளாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். ஏரி பெரிதாக இருந்தால் நீர்வளத் துறையிடமும், சிறிதாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் கரையைப் பயன்படுத்த ஒப்புதல் பெற வேண்டும்.

முற்றிய மூங்கிலை வெட்டிச் சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டால், பூச்சிகளை ஈர்க்கும் மாவுச்சத்து கரைந்து வெளியேறும். அதை நேரே மண்ணில் நடாமல் கல்லின் மீது நிறுத்தினால் கரையான் ஏறுவது குறையும்; கட்டுவதற்குத் தேங்காய் நார்க்கயிறே போதும். உண்ணிச்செடியையும் எண்ணிப் பாருங்கள். நீலகிரியில் கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் அந்தக் களைச்செடியின் தண்டுகளைக் கொண்டு ஆளுயரத்தை மீறிய யானைகளைச் செய்தார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் காட்சிக்கு நின்றன. தண்டை வேகவைத்தால் வளையும், பட்டையும் உரியும். காய் பிடித்த கிளைகளை ஊருக்குள் கொண்டுவந்தால் விதை பரவிவிடும். ஆகவே வெட்டிய இடத்திலேயே காய்களை நீக்கிவிடுங்கள். சீமைக் கருவேலக் கிளைகளைப் பயன்படுத்துவதானால், அவற்றின் முள்ளைப் பெரியவர்கள் கழித்துக் கொடுத்த பின்னரே மாணவர்கள் தொடட்டும்.

மறுமொழி 3 (ஓவியர், இராணிப்பேட்டை)

முதல் மறுமொழியை ஏற்றுக்கொண்டே, ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நிலைத்து நிற்பதும், இயற்கையின் வளத்தைக் குறைக்காத வளங்குன்றாக் கலையாக இருக்க முடியும். ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982இல் காசல் நகரில் 7000 மரங்களை நடும் பணியைத் தொடங்கி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கருங்கல்லை நிறுத்த ஏற்பாடு செய்தார். அவர் மறைந்த பின், 1987இல்தான் கடைசி மரம் நடப்பட்டது. உங்கள் கரையில் பனங்கொட்டைகளை ஊன்றலாம், அவற்றின் வேர்கள் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாசியிலேயே கொட்டைகளைச் சேர்த்து ஊன்றிவிட வேண்டும்; பொங்கல் வரை காத்திருக்க முடியாது.

மற்றொன்று கூலி பற்றியது. பங்கேற்பு என்ற பெயரில் குயவரையும் ஓலை முடைபவரையும் பல நாட்கள் இலவசமாக உழைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மாணவர்களும் ஏனைய ஊராரும் விருப்பத்தால் வருகிறார்கள். குயவரும் ஓலை முடைபவருமோ தங்கள் அன்றாட வருமானத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். தெர்மாகோலுக்கும் ஃபிளெக்சுக்கும் ஆகியிருக்கும் பணத்தை முதலில் அவர்களுக்கு ஒதுக்குங்கள். படைப்பின் அருகே வைக்கும் பலகையில் மாணவர்களின் பெயர்களோடு அவர்களுடைய பெயர்களும், அவர்களைக் கேட்டபின், இடம்பெறட்டும்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊர்க்கூட்டத்தில் முதலில் கலைக்கும் நாளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறேன். மண்ணை உழவர்கள் தங்கள் வயலுக்கு எடுத்துக்கொள்ள விரும்பினால், பூச்சுக்குச் சுண்ணாம்பைத் தவிர்த்து, மேலே ஓலைக்கூரை மட்டும் போடலாம் என்று நினைக்கிறேன். குயவருக்கான கூலியைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் இந்த வாரமே கேட்கிறேன்.